ஹ்யால்டி இருக்கும் வரி

காபி பரவாயில்லை, லில்யா. அடுப்பில் கொஞ்சம் அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள், அடிநாக்கில் ஒரு கசப்பு தங்குகிறது. ஆனாலும் ஒரு காவல் நிலையத்தில் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. பிஸ்கட்டைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன்.

பார்த்தீர்களா, சொல்லாமலே சொல்லிவிட்டேன். இதுதான் என் சங்கடம். எதுவும் என்னைக் கடந்து சும்மா போவதில்லை. கண்ணில் பட்டால், காதில் விழுந்தால், நாக்கில் வைத்தால் உடனே ஒரு கருத்து வந்துவிடுகிறது. தும்மலை அடக்குகிற மாதிரி அடக்கிப் பார்த்திருக்கிறேன். மூக்குதான் வலிக்கும்.

என் பெயர் டோர்வி என்று எழுதிக்கொள்ளுங்கள். நாம் ஒருவரை ஒருவர் அறிவோம், ஆனாலும் பதிவுக்கு வேண்டுமே. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமர்சனம் எனக்குத் தொழில் இல்லை, யாரும் எனக்கு அதற்காகக் காசு கொடுத்ததும் இல்லை. ஊர்ப் பத்திரிகையில் ஒரு பத்தி, இணையத்தில் ஒரு பக்கம். படம், பாட்டு, புத்தகம், மந்திரிகளின் பேச்சு, பாதிரியாரின் பிரசங்கம், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். நீங்கள் பள்ளிக்கூட நாடகத்தில் ஆட்டுக்குட்டியாக வந்ததைப் பற்றியும் எழுதினேன், நினைவிருக்கலாம். அது கடுமை என்று உங்கள் அம்மா சொன்னார்கள். ஆனால் உண்மையைத்தான் எழுதினேன், ஆட்டுக்குட்டி அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது.

இந்த ஐஸ்லாந்தில் யார்தான் எழுதாமல் இருக்கிறார்கள்? மீன் பிடிக்கிறவன் எழுதுகிறான், பல் பிடுங்குகிறவன் எழுதுகிறான், கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லாம் புத்தகமாகி வந்து குவிகிறது. யாராவது ஒருவர் படித்துவிட்டு உண்மையைச் சொல்ல வேண்டாமா? அதை நான் செய்தேன். பிரின்யா டீச்சர் ஒரு கவிதைப் புத்தகம் போட்டார். நான் எழுதியதற்குப் பிறகு இன்னொன்று போடவில்லை. தேவாலயத்தின் பாட்டுக் குழுவை நடத்தியவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனார். அதனால் குழு கெட்டுப்போகவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிரின்யா மட்டும் ஒன்றை விடவே மாட்டார். நீச்சல் குளத்தில் எல்லோர் முன்னாலும் கேட்பார்.

"ஊரான் எழுதினதை எல்லாம் கோழி மாதிரி உரிச்சது போதும், டோர்வி. நீ ஒண்ணு எழுதேன், நாங்களும் பாக்கறோம்."

நான் எழுதியதில்லை. எழுதிப் பார்த்ததுண்டு. எழுதி முடித்ததும் நானே அதைப் படிப்பேன், படித்ததும் கருத்து வந்துவிடும், கிழித்துப் போட்டுவிடுவேன்.

நீச்சல் குளத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்தத் தாள் தெற்கே தலைநகர் ரெய்க்யாவிக் வரை போகும் என்பதால் சொல்கிறேன். எங்கள் குளத்தில் இரண்டு தொட்டிகள். ஒன்று பெரியவர்களின் சூட்டுத் தொட்டி, நிலத்தடியிலிருந்து வருகிற வெந்நீர். இன்னொன்று வெதுவெதுப்பானது, பிள்ளைத் தொட்டி என்போம். தாய்மார்கள் குழந்தைகளோடு உட்காருவது அங்கே. ஊரின் வாதங்கள் எல்லாம் சூட்டுத் தொட்டியில்தான் நடக்கும், பனி கொட்டினாலும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நடக்கும். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வாதத்துக்கு நடுவில் முதலில் தண்ணீரை விட்டு எழுந்தவன் தோற்றவன். யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஊறிச் சுருங்கிப்போன விரல்களோடு உட்கார்ந்தே தேர்தலை ஜெயித்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

ஹ்யால்டி எழுந்ததே இல்லை. பனி அள்ளும் வண்டி ஓட்டியவன், என் வகுப்புத் தோழன். நான் படித்ததை எல்லாம் அவனும் படிப்பான், நான் பார்த்ததை எல்லாம் பார்ப்பான், எல்லாம் அவனுக்குப் பிடிக்கும். அதுதான் எங்கள் சண்டை. மோசமான படத்துக்கும் அழுவான். கேட்டால், "மோசமாத்தான் இருந்துச்சு, அதுக்காக அழாம இருக்க முடியுமா?" என்பான். அதற்கு என்ன பதில் சொல்வது? நான் சொன்னதை உட்கார்ந்து முழுதாகக் கேட்டு எதிர்த்துப் பேசிய ஒரே மனிதன் அவன். மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இலையுதிர் காலத்தில் அவனுக்கு நெஞ்சு அடைத்தது. விமானத்தில் தெற்கே கொண்டுபோனார்கள். அவன் மனைவி ரன்வேய் அங்கிருந்து என்னைக் கூப்பிட்டாள். "டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க, டோர்வி. இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். போனை வைத்தேன். சமையலறையில் போய் உட்கார்ந்தேன். மீனை வேகவைத்தேன், சாப்பிடவில்லை. பிறகு அவனுடைய அஞ்சலிக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

இதில் தவறாக நினைக்க ஒன்றும் இல்லை. நம் நாட்டில் இறந்தவரை அடக்கம் செய்கிற நாளில் நண்பர்கள் எழுதிய அஞ்சலிகள் பத்திரிகையில் வரும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், எல்லோரும் படிப்பார்கள். அவசரத்தில் எழுதியவை எவ்வளவு மோசமாக இருக்கும் என்று நானே எத்தனையோ தடவை தொட்டியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். ஹ்யால்டிக்கு அப்படி ஒன்று வரக் கூடாது என்று நினைத்தேன்.

எழுதி முடித்துப் படித்தேன். வழக்கமாக வருகிற கருத்து வரவில்லை. மறுபடி படித்தேன், அப்போதும் வரவில்லை. லில்யா, வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அது நன்றாக இருந்தது. நான் அழுதேன்.

அவன் எந்த வருடம் சாலைத் துறையில் சேர்ந்தான் என்பதில் மட்டும் ஒரு சந்தேகம். ரன்வேய் சரிபார்க்கட்டும் என்று அவளுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தேன். அவன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவள் குரலில் நம்பிக்கை இல்லை, நானும் முடிந்தது என்றே எடுத்துக்கொண்டேன். அதற்கு அவள் பதில் போடவில்லை. துக்கத்தில் திறந்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

ஹ்யால்டி பிழைத்துக்கொண்டான்.

நான் மகிழ்ந்தேன், அதையும் பதிவில் சேருங்கள். விமான நிலையத்துக்கு நான்தான் வண்டி எடுத்துப் போனேன். பாதியாக இளைத்திருந்தான், வழியெல்லாம் வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் ரன்வேய் என்னைத் தனியாக இழுத்தாள்.

"குளத்துக்குப் போவேன்னு அடம் பிடிக்கறான். பிள்ளைத் தொட்டியில கொஞ்ச நேரம் உக்காரலாமாம், டாக்டர் சொன்னார். சூட்டுத் தொட்டியில கால் வைக்கவே கூடாதாம், நெஞ்சு தாங்காது. என் பேச்சைக் கேக்க மாட்டான். நீ பாத்துப்பியா?"

"பாத்துக்கறேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அதன் பிறகு அந்தக் கட்டுரை என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னால் எதையும் விமர்சிக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் புத்தகங்கள் வந்தன, படித்தேன், எதைப் பார்த்தாலும் இழுப்பறையில் கிடப்பது இதைவிடப் பல படி மேலே என்று தோன்றியது. பத்தி எழுதவில்லை. ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. பிரின்யா மட்டும், "எழுதறதுக்குப் பயந்துட்டான்" என்றார். வீட்டுக்கு ஓடிப்போய் அதை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் போல இருந்தது. எப்படி நீட்டுவது? அதில் வருகிறவன் பிள்ளைத் தொட்டியில் உட்கார்ந்து குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

அவன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் விரும்பியதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, வராத விருந்தாளிக்காகக் காத்திருக்கிறவன் விருந்தாளியை வெறுப்பதில்லை. சாப்பாடு ஆறுகிறதே என்றுதான் பார்ப்பான்.

புது வருடம் பிறந்து குளம் திறந்த முதல் நாள். ஆண்டிறுதி இரவில் தொலைக்காட்சியில் வருகிற நையாண்டி நிகழ்ச்சியை நாடே பார்க்கும், குளம் திறந்ததும் நாடே அதைப் பற்றி வாதம் செய்யும். அன்று காற்றும் பனியுமாக இருந்ததால் கூட்டம் இல்லை. சூட்டுத் தொட்டியில் நானும் பிரின்யாவும் பழைய மீன்பிடிக் கப்பல் தலைவர் கெய்ரும். ஹ்யால்டி பிள்ளைத் தொட்டியில் தனியாக இருந்தான்.

"என்ன டோர்வி, இந்த வருஷமும் பிடிக்கலையா?" என்று அங்கிருந்து கத்தினான்.

"பிடிக்கறதுக்கு அதுல என்ன இருந்துச்சு?"

"நான் கண்ணுல தண்ணி வர சிரிச்சேன்டா."

"நீ பற்பசை விளம்பரத்துக்கே அழுவறவன்."

"அந்த விளம்பரமும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆரம்பிச்சுட்டானுங்க" என்று கெய்ர் எழுந்தார். பிரின்யாவும் எழுந்தார். "நான் தோத்ததாவே வச்சுக்கோ, எனக்குப் பசிக்குது" என்றவர், போகிற போக்கில் பிள்ளைத் தொட்டியைப் பார்த்து, "ஹ்யால்டி, நீ அங்கேயே கெட, தெரியுதா? இந்த ஆளு பேச்சைக் கேட்டு எந்திரிச்சு வந்துடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் முன்பு உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், நானும் அவர்கள் பின்னாலேயே கிளம்பிவிட்டேன் என்றும், ஹ்யால்டி பிறகு தானாகச் சூட்டுத் தொட்டிக்குப் போயிருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அது உண்மை இல்லை. நான் போகவில்லை.

ஆவி அடர்த்தியாக எழுந்துகொண்டிருந்தது. குளத்தைக் கவனிக்கிற மக்னி வாசல் படியில் பனியை அள்ளிக்கொண்டிருந்தான், அந்தச் சத்தம் கேட்டது. ஹ்யால்டி இன்னும் அந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்:

"பிள்ளைத் தொட்டியிலேருந்து வர்ற கருத்தையெல்லாம் கணக்குல எடுத்துக்கறது இல்ல. உனக்கே தெரியும்."

அவ்வளவுதான் சொன்னேன். வா என்று கூப்பிடவில்லை. அவன் சிரித்துக்கொண்டே எழுந்து, குளிரில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஓடி வந்து, என் எதிரே கழுத்து வரை இறங்கினான். "ஆகா, எவ்வளவு நாளாச்சு" என்றான்.

நான் வாதத்தைத் தொடங்கினேன். அவன் எதை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும், அதை எல்லாம் எடுத்தேன். நிகழ்ச்சியிலிருந்து பாட்டுக்குப் போனேன், பாட்டிலிருந்து அவன் ஓட்டுப் போட்ட கட்சிக்குப் போனேன். அவன் முகம் வெந்த இறால் நிறத்துக்கு வந்தது. எனக்கு அது தெரிந்தது, லில்யா. அவன் எழுந்தால் நான் தடுக்கப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழ மாட்டான் என்பதும் தெரியும். நடப்பது நடக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இழுப்பறையை நினைத்தேன், மறைக்கவில்லை.

அப்போது அவன் வாதத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"உன் கட்டுரையைப் படிச்சேன்டா."

"எந்தக் கட்டுரை?"

"நான் செத்ததுக்கு எழுதினது. ஆஸ்பத்திரியிலயே ரன்வேய் காட்டினா. நான் சிரிச்ச சிரிப்புல தையல் பிரிஞ்சிரும்னு நர்ஸ் வந்து திட்டிட்டுப் போனா."

"சிரிக்கற மாதிரி அதுல ஒண்ணும் இல்லையே."

"அதான்டா சிரிப்பே." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா நல்லா எழுதியிருக்க. நெசமாவே நல்லா இருக்கு. என்ன, அதுல நான்தான் இல்ல. வளையாத மனுஷனாம், சமரசம் தெரியாதவனாம், பொய்யான புகழ்ச்சியை மதிக்காதவனாம். அது யாருடா? என் பேரைப் போட்டுக்கிட்டு நீ செத்துப் போயிருக்க."

முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் எத்தனையோ பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு எல்லாம் இப்படித்தான் இருந்திருக்குமா என்று தெரியாது. எனக்குக் காது அடைத்துவிட்டது.

"ஒரே ஒரு வரியில மட்டும் நான் இருக்கேன்" என்றான். குரல் இறங்கியிருந்தது. "அதைப் படிச்சு அழுதுட்டேன். இவன் என்னைப் பாத்திருக்கான்டீன்னு ரன்வேய்கிட்ட சொன்னேன்."

"எந்த வரி?"

"நீதானே விமர்சகன். கண்டுபிடி."

"ஹ்யால்டி, எந்த வரி?"

"அப்புறம் சொல்றேன்டா. தலை சுத்துது, போதும். நீயே ஜெயிச்சதா வச்சுக்கோ." எழப் பார்த்தான், கால் வழுக்கி மறுபடி உட்கார்ந்தான். கையை நீட்டினான். "கையைக் குடு."

"வரியைச் சொல்லிட்டுப் போ."

"டோர்வி, கை" என்றான்.

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. அஞ்சலியில் அதைச் சேர்க்க முடியாது, கடைசி வார்த்தையாக அதற்கு எடை போதாது. கை கொஞ்ச நேரம் எனக்கு முன்னால் தண்ணீருக்கு மேலே இருந்தது. எட்டிப் பிடித்தால் பிடித்திருக்கலாம். சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். உதடு அசைந்தது, பிறகு அதுவும் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆவியில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. படியில் மக்னி பனி அள்ளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பான், நல்ல பையன்.

பிறகு நான் எழுந்தேன். தொட்டியின் சட்டப்படி பார்த்தால் முதலில் எழுந்தது நான்தான். குளியலறையில் சோப்புப் போட்டுக் குளித்தேன், தலையைத் துவட்டினேன், வெளியே வந்து முன்கூடத்தில் கெய்ர் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தேன். அந்தக் காபி இதைவிட மோசம்.

அடக்க நாளன்று பத்திரிகையில் என் கட்டுரை வந்தது. அனுப்புவதற்கு முன்னால் இறந்த தேதியையும் இடத்தையும் சேர்க்க வேண்டியிருந்தது, பத்திரிகைக்காரர்கள் நீளத்தில் கறார். அதனால் பலவீனமாக இருந்த ஒரு வாக்கியத்தை எடுத்தேன். மலைப்பாதையில் வேலையாக இருக்கும்போது வானொலியில் ஒரு பாட்டு வந்தால், அது முடியும்வரை பனி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பான், பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் காத்திருக்கும் என்பது போல ஏதோ. நான் ஒருமுறை அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். கட்டுரையின் போக்குக்கு அது உதவவில்லை, கொஞ்சம் அசட்டுத்தனமாகவும் இருந்தது. எடுத்த பிறகு கட்டுரை இறுகி நின்றது.

அவன் மகள் ஸ்வாலாவும் எழுதியிருந்தாள். சில வரிதான், வடிவம் என்று எதுவும் இல்லை. தேவாலயத்தில் எல்லோரும் அதைச் சொல்லித்தான் அழுதார்கள். என் கட்டுரையைப் பற்றி பிரின்யா, "உன் எழுத்துதான், பாத்தாலே தெரியுது" என்று மட்டும் சொன்னார்.

நான் கட்டுரையை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறேன். தூக்கம் போய்விட்டது. ஒருநாள் இது என்று தோன்றும், மறுநாள் இல்லை என்று தோன்றும். தாங்க முடியாமல் ரன்வேய் வீட்டுக்குப் போனேன். அவள் கேக் வைத்தாள். நான் தொடவில்லை.

"ஹ்யால்டி உங்கிட்ட ஒரு வரி சொன்னானாமே, அதுல மட்டும்தான் அவன் இருக்கான்னு. எந்த வரி அது?" என்று கேட்டேன்.

அவள் கேக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதை உங்கிட்ட சொல்லப் போறேன்னு அவன் அன்னிக்குக் காலையிலதான் சொல்லிட்டுப் போனான். குளத்துல சொல்லி உன்னைச் சீண்டப் போறேன்னு." தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நீ அப்பவே கிளம்பிட்டேன்னு சொன்னியே, டோர்வி. எப்பதான் சொன்னான்?"

அதன் பிறகு அவள் உங்களிடம் வந்திருக்கிறாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. வாசல் வரை வந்து மறுபடி கேட்டேன். கதவைச் சாத்தும்போது, "பேப்பர்ல தேடாதே" என்றாள். துக்கத்தில் இருக்கிறவள் அப்படித்தான் பேசுவாள். பேப்பரில் தேடாமல் வேறு எங்கே தேடுவது?

எல்லாம் சொல்லிவிட்டேன். அவனை நான்தான் அங்கே வரவழைத்தேன், நான்தான் அங்கே இருத்தினேன், கையை நீட்டியபோது பிடிக்காமல் விட்டேன். இதில் எதையும் வெட்ட வேண்டாம், நீளம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி. இதோ கட்டுரை. பென்சிலில் கோடு போட்டவை எல்லாம் நான் சந்தேகப்படுகிற வரிகள். ரன்வேயிடம் காட்டி எது என்று கேட்டு வாருங்கள். எனக்காகக் கேட்கவில்லை, லில்யா. அவன் என் நண்பன். அவனை நான் எங்கே சரியாகப் பார்த்தேன் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?